தெர்மாகோல்காரரும் ஒரு வருடக் கெடுவும்

கூரைக்கு மேலே வெயில், கூரைக்குக் கீழே வெயிலைத் திட்டும் முதலாளி, இரண்டுக்கும் நடுவே இரண்டங்குல நுரைப்பலகையைச் செருகிவிட முடியும் என்று நம்பும் அப்பாவி ஒருவன்: இதுதான் என் தொழில்.

வெளிநாட்டில் கற்றதைச் சொந்த ஊரில் விற்கப் பார்த்து மூக்குடைபட்டவரா நீங்கள்? வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நான் கூடலூர்க்காரன். அப்பாவுக்குக் குமுளியில் வேலை என்பதால் எட்டாம் வகுப்பு வரை மலையாளத்திலும் அதற்குப் பிறகு தமிழிலும் படித்து, இரண்டு மொழியிலும் பேரம் பேசித் தோற்கும் தகுதியைப் பெற்றேன். பன்னிரண்டு ஆண்டுகள் மஸ்கட்டில், பெரிய கட்டடங்களின் கூரைக்கு வெப்பத் தடுப்பு போடும் கம்பெனியில் சூப்பர்வைசர். 2005 மே மாதம் ஊர் திரும்பி, தேனி அல்லிநகரத்தில் ஓர் அறை பிடித்து போர்டு மாட்டினேன். போர்டில் ‘கூரை வெப்பத் தடுப்பு நுரைப்பலகைகள்’ என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. பத்தே நாளில் ஊர் என்னைத் ‘தெர்மாகோல்காரர்’ ஆக்கிவிட்டது.

மஸ்கட் மேனேஜர் நல்ல மனிதர். ஒரு வருடம் என் இடத்துக்கு வேறு ஆள் எடுக்க மாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்பினார். என் மனைவி சாந்தி பள்ளி ஆசிரியை. கெடு வைப்பது அவருக்குப் பழக்கம். எங்கள் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போகிற விருந்தாளி. அந்த விருந்தாளி நிரந்தரமாகத் தங்குவாரா மாட்டாரா என்பது அந்த ஒரு வருடத்தில் தெரிய வேண்டும். சாந்தி சொன்னார்:

“அடுத்த மே மாசத்துக்குள்ள ஒரே ஒரு பெரிய கூரைய முழுசா முடிச்சுக் காட்டுங்க. இல்லாட்டி மறுபடி பிளேன் ஏறுங்க. ரெண்டுமில்லாம இங்கன உக்காந்துக்கிட்டு வெயிலத் திட்டாதீக.”

மேடையில் பெயர் வெட்டும் அட்டை

முதல் படையெடுப்பு தேனி கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை. மேல் தளத்தில் பட்டுப் பிரிவு. அங்கே புடவை எடுக்க வரும் பெண்கள் பத்தாவது நிமிடம் முந்தானையால் விசிறிக்கொண்டே கீழே இறங்கிவிடுகிறார்கள் என்று முதலாளியே சொல்லித்தான் என்னை வரவழைத்தார். பையிலிருந்து இரண்டு மாதிரிகளை எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்று வெள்ளை, மணிமணியாக ஒட்டியது. இன்னொன்று நீல நிறம், அழுத்தி வார்த்தது, தண்ணீர் குடிக்காது, மேலே ஆள் நடந்தாலும் அமுங்காது. உங்கள் மாடிக்கு நீலம்தான் சரி, ஏனென்றால் மேலே தட்டோடு என்கிற சதுர ஓட்டைப் பதிக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி ரிப்பேருக்கு ஆள் ஏறி இறங்குவார்கள் என்று அரைமணி நேரம் விளக்கினேன். மஸ்கட்டில் இதே பேச்சைக் கேட்டு இன்ஜினியர்கள் குறிப்பெடுப்பார்கள்.

முதலாளி குறிப்பெடுக்கவில்லை. வெள்ளை மாதிரியின் ஓரத்தை நகத்தால் கிள்ளி ஒரு மணியை உதிர்த்தார். அதை ஊதிப் பறக்கவிட்டார். பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“எம் மக கல்யாணத்துக்கு மேடையில பேரு வெட்டி வச்சது இதுலதான் தம்பி. மறுநாக் காலையில மண்டபத்துக்காரக கூட்டிக் குப்பையில போட்டாக. நீங்க அதைக் கொண்டாந்து என் தலைக்கு மேல போடச் சொல்றீக.”

ஆடியில் பறந்தவை

இரண்டு மாதத்தில் ஓர் ஆர்டர் வந்தது. வருசநாட்டுப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. சாந்தியின் கணக்கில் கோழிப்பண்ணை பெரிய கூரையில் சேராது. என் கணக்கில் சேரும் என்று வாதாடிப் பாதி ஒப்புதல் வாங்கினேன். தகரக் கூரைக்கு அடியில் பொருத்த, ஒரு பக்கம் ஜிகினாத்தாள் ஒட்டிய பலகைகளைக் கொண்டுபோய் இறக்கி, அடுக்கி, மேலே நாலு செங்கல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஆடி மாதம். இந்தப் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று என்றால் என்ன என்பதைப் பன்னிரண்டு வருடம் மறந்திருந்தவனுக்கு நாலு செங்கல் போதும் என்று தோன்றியது.

திரும்பி வந்தபோது செங்கல் இருந்தது. பலகைகள் தக்காளித் தோட்டம், ஓடை, கருவேலங்காடு என்று மூன்று திசையில் போயிருந்தன. பண்ணைக்காரர் கோழிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேலையைத் தை மாசம் பார்த்துக்கலாம் என்றார். எந்தத் தை என்று சொல்லவில்லை. மறுநாள் மதியமும் பலகைகளைப் பொறுக்கிக்கொண்டே போனவன், தோட்டத்து வீட்டு வாசலில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். என் பலகையை வட்டமாக அறுத்துக் கஞ்சிப் பானைக்கு மூடியாக்கியிருந்தார். இன்னொன்றைப் பானைக்கு அடியில் வைத்திருந்தார். மூன்றாவதை நாலாக வெட்டிப் பானையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். மேல், கீழ், பக்கவாட்டு என எங்கும் இடைவெளி விடக்கூடாது என்று நான் ஜவுளிக்கடையில் அரைமணி நேரம் சொன்ன பாடத்தை யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார். தேனி மாவட்டத்தில் நான் சந்தித்த முதல் வெப்பத் தடுப்பு நிபுணர். பலகையைத் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை.

“காலையில வச்ச கஞ்சி இன்னும் சுடுது, தொட்டுப் பாருங்க தம்பி. அடுத்த வாட்டி காத்தடிக்கிறப்ப எங்க வீட்டுப் பக்கமாவே பறக்க விடுங்க.”

தலையில் கம்பி முளைத்த கட்டடங்கள்

நம் ஊரில் எந்தக் கட்டடமும் முடிவதில்லை என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மொட்டை மாடியில் தூண் கம்பிகள் ஆளுயரத்துக்கு நிற்கும். அடுத்த மாடி எடுக்கும்போது தேவைப்படுமாம். கம்பியில் துருவேறி, துணி காயப்போடக் கொடி கட்டி, காக்கா கூடு வைத்து, முதலாளிக்கு நரை விழுந்த பிறகும் அடுத்த மாடி வரப்போகிறது என்ற நம்பிக்கை மட்டும் பளபளவென்று இருக்கும். கம்பத்தில் ஒரு லாட்ஜ்காரரின் மாடியில் அப்படி இருபது கம்பித் தூண்கள். கீழே அறைகள் அடுப்பு மாதிரி கொதித்தன. அவரே மாடியில் ஒரு நிமிடம் வெறுங்காலோடு நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

“கம்பிக அப்படியே இருக்கட்டுங்கய்யா. சுத்தி வெட்டிப் பதிச்சுரலாம். மாடி எடுக்கும்போது பலகை தரைக்கு அடியில போயிரும்,” என்றேன்.

“மாடி எடுக்கப் போறப்ப எதுக்குத் தெர்மாகோலு?”

“எப்பங்கய்யா எடுக்கப் போறீக?”

“மூத்தவன் பொறந்தப்ப போட்ட கம்பி. இப்ப அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம்.”

அதுவரைக்கும் வெயிலுக்கு என்ன செய்வது என்று பணிவாகக் கேட்டேன். அவர் ஒரு காலில் நின்றபடி, எந்தக் கட்டடக்கலைப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்:

“மேல ஒரு மாடி எடுத்துட்டா வெயிலு அந்த மாடிக்காரன் பாடு, நமக்கென்ன?”

தார் ஊற்றிய கதை

ஐப்பசியில் போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கி கிடைத்தது. பெரிய கூரை. சாந்தி கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். மழை இடைவெளி விட்ட ஒரு வாரத்தில் முடித்துவிட வேண்டும். இங்கே நான் ஒரு தப்பு செய்தேன், அதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் கிண்டலடிப்பது நியாயமில்லை. நீலப் பலகை வர இருபது நாள் ஆகும் என்றார்கள். கெடு நினைவுக்கு வந்தது. கையிலிருந்த வெள்ளையையே கொஞ்சம் கனமாக எடுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மஸ்கட்டில் எனக்குக் கீழே வேலை பார்த்த எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

கொத்தனார் சுப்பையா நல்ல வேலைக்காரர், முப்பது வருட அனுபவம். நீர்த்தடுப்புப் பூச்சு பூசியாயிற்று. அதன்மேல் பலகையை இடைவெளி இல்லாமல் பரப்பி, துணி விரித்து, கலவை போட்டுத் தட்டோடு பதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கிட்டங்கி முதலாளியோடு டீ குடிக்கப் போனேன். சுப்பையாவுக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்தியிருக்கிறது. முப்பது வருடத்தில் அவர் மழை ஒழுகாமல் செய்த ஒவ்வொரு கூரையிலும் இணைப்புகளில் காய்ச்சிய தார் ஊற்றியிருக்கிறார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கோடு தெரிகிறது. அதை அப்படியே விட அவர் மனசாட்சி இடம் தரவில்லை.

நான் மாடி ஏறியபோது புகையும் ஒரு கெட்ட வாசனையும் வந்தன. தார்ச்சட்டியோடு சுப்பையா நின்றிருந்தார். அவர் ஊற்றிய கோடுகளில் எல்லாம் பலகை வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி உருகி உள்வாங்கியிருந்தது. பாதிக் கூரையைக் காணோம். நான் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். கோபம் எனக்கு இருக்க வேண்டியது, அவரிடம் இருந்தது.

“வெயிலத் தாங்கும் தாங்கும்னு ஆயிரம் தடவ சொன்னீகளே அண்ணே, தாரத் தாங்காதுன்னு ஒரு தடவ சொன்னீகளா?”

ஏது பொய்?

கிட்டங்கி கைவிட்டுப் போனபின், மார்கழிக் குளிரில் ஜீப் பிடித்துக் குமுளி ஏறினேன். அங்கே ஒரு தங்கும் விடுதி முதலாளிக்கு, இரவில் அறைகள் குளிர்கின்றன, மழை பெய்தால் தகரக் கூரை செண்டை மேளம் அடிக்கிறது என்று புகார். வீட்டுப் பாடமாக மலையாளத்தைத் தூசி தட்டிக்கொண்டு போயிருந்தேன். இந்தப் பலகை அறைச் சூட்டை வெளியே விடாது, மழைச் சத்தத்தையும் கொஞ்சம் அமுக்கும் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஆர்டர் புத்தகத்தைப் பாதி திறந்தேவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் விளம்பரத் தாளைக் கையில் எடுத்தார். தேனிக்காக அச்சடித்தது. முகப்பில் பெரிய சூரியன், அதற்கு ஒரு குறுக்குக் கோடு. ‘வெயிலே, வெளியே நில்!’ என்று எழுதியிருந்தது. எழுதியவன் நானேதான். அவர் புருவம் உயர்வதைப் பார்த்துப் பிளாஸ்க் உதாரணம் சொன்னேன். டீயை ஊற்றினால் சூடு போகாது, ஐஸ் போட்டால் சூடு வராது, இரண்டும் ஒரே பிளாஸ்க்தானே? அவர் தன் பிளாஸ்க்கைத் திறந்து காட்டினார். டீ ஆறிப் போயிருந்தது. பிறகு மலையாளம் கலந்த தமிழில், மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“தேனியில சூடு உள்ள வராதுன்னு விக்கிறது, இவிடெ சூடு வெளிய போகாதுன்னு விக்கிறது, ரெண்டும் ஒரே ஷீட்டு. ஆயிக்கோட்டே, இருக்கட்டும். இந்த ரெண்டில் ஏது பொய்யுன்னு மாத்திரம் பறஞ்ஞா போதும், சேட்டா.”

பந்தி மட்டும் சுடட்டும்

பங்குனி பிறந்தது. மேனேஜர் போன் செய்தார். டிக்கெட் போடட்டுமா என்றார். மே மாதம் வரை பொறுங்கள் என்றேன். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது வேறு யாரும் சொன்ன எதையும்விட அதிகமாகச் சுட்டது.

அந்த வாரம்தான் அல்லிநகரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் வேலுச்சாமி அண்ணன் கூப்பிட்டார். முகூர்த்த மண்டபம் கான்கிரீட் கூரை, பக்கத்தில் சாப்பாட்டுக் கூடம் தகரக் கூரை. முதலில் சாப்பாட்டுக் கூடத்தைத்தான் பார்த்தேன். உச்சி வெயிலில் இலை போட்டால், சாம்பார் வருவதற்குள் இலை ஓரம் சுருண்டுகொள்ளும். இதைவிடத் தகுதியான கூரை உலகத்திலேயே இல்லை என்று மனம் துள்ளியது. ஜிகினாத்தாள் ஒட்டிய பலகையை அடியில் பொருத்தினால் விருந்தாளிகள் குளுகுளுவென்று உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம் என்று வர்ணித்தேன். அண்ணனின் முகம் வர வர மாறியது.

“நிதானமாவா?”

“ஆமாண்ணே. பாயசம் குடிச்சிட்டு, சாவகாசமா நாலு வார்த்தை பேசிட்டு...”

“யோவ், உனக்குப் பந்தின்னா என்னான்னு தெரியுமா? ஒரு கல்யாணத்துக்கு ஆறு பந்தி, ஏழு பந்தி போகணும். பின்னாடி நாக்காலியப் புடிச்சிக்கிட்டு அடுத்த பந்திக்காரன் நிப்பான். இந்தச் சூட்டுலதான் ஒவ்வொருத்தனும் மோரைக் குடிச்ச கையோட எந்திரிக்கிறான். குளுகுளுன்னு வச்சிட்டா எவன் எந்திரிப்பான்? நீயா வந்து எழுப்புவ?”

நண்பர்களே, பன்னிரண்டு வருட மஸ்கட் அனுபவத்தில் வெப்பத்தை யாரும் ஊழியராக வைத்திருந்து நான் பார்த்ததில்லை. இவர் வைத்திருந்தார். சம்பளம் வாங்காமல், லீவு போடாமல், பந்தியை எழுப்பிவிடுகிற ஊழியர். அந்த ஆளை வேலையைவிட்டு நீக்கச் சொல்லித்தான் நான் போய் நின்றிருக்கிறேன்.

வாசல் வரை வந்துவிட்டேன். அங்கே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை மாதமும் நான் ஒவ்வொருவரிடமும் வெயிலைப் பற்றியே பேசியிருக்கிறேன். அவரவர் வேலை எப்படி நடக்கிறது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. திரும்பிப் போனேன்.

“அண்ணே, தாலி கட்டினதும் மொத்தக் கூட்டமும் பந்திக்கு ஏன் ஓடுது?”

“மண்டபத்துக்குள்ள உக்காரவா முடியுது? அனலு. அதான் பந்தி வாசல்ல போயி முட்டிக்கிட்டு நிக்கிறான்.”

“அப்ப சாப்பாட்டுக் கூடத்தைத் தொட வேண்டாம். அது அப்படியே சுடட்டும். முகூர்த்த மண்டபத்தைக் குளிர வைப்போம். கூட்டம் அங்கனயே உக்காந்திருக்கும். நூறு நூறு பேரா நீங்க கூப்பிடுங்க. சாப்பிட்டவன் சூட்டுல எந்திரிச்சு மறுபடி மண்டபத்துக்கே ஓடியாந்துருவான்.”

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார், கடைசியில், முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதை மொதல்லயே சொல்லாம இம்புட்டு நேரமா தெர்மாகோலு தெர்மாகோலுன்னே பேசிக்கிட்டிருந்தியே!”

முதல் முகூர்த்தம்

இந்த முறை நீலப் பலகைக்குக் காத்திருந்தேன். பலகை வந்து இறங்கிய அன்றே அதன்மேல் மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கினேன். தார்ச்சட்டி இருக்கும் பக்கமே யாரையும் விடவில்லை. சித்திரை பாதியில் கடைசித் தட்டோட்டைப் பதித்துச் சந்து பூசினோம். சுப்பையாவே செய்தார். தன் வாழ்நாளில் தார் இல்லாமல் செய்த முதல் கூரை என்பதால் ஒழுகினால் தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வைகாசி முதல் முகூர்த்தத்துக்கு வேலுச்சாமி அண்ணன் எங்களையும் அழைத்திருந்தார். சாந்தி மண்டபத்துக்குள் நுழைந்ததும் கூரையை நிமிர்ந்து பார்த்தார். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. என் தொழிலில் அதுதான் சிக்கல், நல்ல வேலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தாலி கட்டி முடிந்தும் ஒருவரும் எழுந்து ஓடவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் மூன்றாவது வரிசையில் வாய் திறந்து தூங்கினார்கள். அண்ணன் வரிசை வரிசையாக வந்து, “எந்திரிங்கய்யா, பந்தி ரெடி,” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். இலை சுருண்டது. முதுகில் வியர்வை கோடு இறங்கியது. மகள் அப்பளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளியே போகலாம்ப்பா என்றாள். நான் மோருக்குக் காத்திருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. மஸ்கட் நம்பர். அவர் கேட்பதற்கு முன்பே, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லிப் போனை வைத்தேன். சாந்தி ரசத்தைவிட்டு நிமிரவே இல்லை.

“சந்தோசந்தான். இந்த வேர்வையோட இங்கனயே கெடங்க. ஆனா அடுத்த கல்யாணத்துல நம்மள மொதப் பந்தியில உக்கார வைக்கச் சொல்லுங்க, அப்பதான் கொஞ்சமாச்சும் வெயிலு கம்மி.”

ஆக, வெயிலைத் தடுக்கும் வித்தையைப் பன்னிரண்டு வருடம் கடல் கடந்து கற்று வந்தவன் சொந்த ஊரில் வேரூன்றியது, ஒரு கூரையின் வெயிலைத் தொடாமல் விடுவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான்.